பின்னறைக்கு வராத பச்சை லைட்

பச்சை லைட் எரிந்தால் போதும். இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் போன கிழமை முழுவதும் அடுப்பு நேரத்துக்கு எரியவில்லை.

சந்தியில் எரிகிற பச்சை லைட்டைச் சொல்லவில்லை. சவர்க்காரக் கட்டி அளவில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள். ஒன்றை முன் ஹோலில், ரூட்டருக்குப் பக்கத்து பிளக்கில் குத்த வேண்டும். மற்றதைப் பின்னறையில் குத்த வேண்டும். சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாக வயர் இழுக்கத் தேவையில்லை, சுவரைக் குடையத் தேவையில்லை. இரண்டு பெட்டியிலும் பச்சை எரிந்தால் வேலை முடிந்தது. சிவப்பு எரிந்தால்... அதைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

"குத்தினாச் சரி அன்ரி. வேற ஒரு வேலையும் இல்ல" என்றார். பெட்டியின் மேலேயும் இங்கிலிஷில் அதைத்தான் எழுதியிருந்தது. குத்து, பாவி, சந்தோஷமாக இரு.

என் வீட்டுக்காரரை பேப்பரில் என்னுடைய இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. கந்தளாயில் நீர்ப்பாசன ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிணற்று மோட்டாரைத் திருத்தப் போய் மோட்டாரையே கிணற்றுக்குள் விட்டவர் – மறந்திருக்க மாட்டீர்கள். வாழ்நாள் முழுவதும் வாய்க்காலோடும் மதகோடும் பழகியதால், உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குத் தண்ணீர்தான். டொக்டர் இவருடைய ரத்த அழுத்தத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, 'அப்ப கடைக்கட்டு வாய்க்காலில ஏதோ அடைப்பு' என்று டொக்டருக்கே விளங்கப்படுத்தியவர். கரண்டும் அப்படித்தானாம். குளத்தில் திறந்துவிட்டால் வயலுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

ஓம், போகும். வயல் அந்தக் குளத்துக்குச் சொந்தமாக இருந்தால்!

அதற்கு முதல், இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். மகளுக்கு.

தர்ஷினி கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறாள். வெள்ளவத்தையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் தெரிகிற ஓர் அறை. மத்தியானம் சோற்றுப் பார்சல், இரவு மிச்சச் சோற்றுப் பார்சல். அப்படியே பல வருடங்கள். இப்போதுதான் கம்பெனி மனமிரங்கி, வீட்டிலிருந்து வேலை செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. 'பார்க்கலாம்' என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மீட்டிங்கிலும் இவளுடைய முகம் பாதி வசனத்தில் உறைந்து போய் நிற்பதைப் பார்த்துப் பார்த்து மேலதிகாரி அம்மா அலுத்துவிட்டார். திங்கட்கிழமை பெரிய மீட்டிங். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் இருப்பார்கள், இவள்தான் கணக்குகளை விளக்க வேண்டும். அன்றைக்கும் லைன் அறுந்தால் கொழும்புக்குத் திரும்பி வந்துவிடு என்று சொல்லியாயிற்று.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் திரும்பிப் போவதை என்னால் தாங்க முடியாது. காலையில் எழும்பி வந்து, 'அம்மா, தேத்தண்ணி' என்று குசினி வாசலில் நிற்கிற பிள்ளையை மறுபடி பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஒரு பிடி அரிசி குறைத்துப் போட என் கைக்கு மனம் வராது.

அப்படியானால் ரூட்டருக்குப் பக்கத்தில், ஹோலிலேயே இருந்து வேலை செய்யலாமே? செய்தாள். எங்கள் ஹோல் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. காலையில் பாண் விற்கிற த்ரீவீலர் அந்த மாறாத பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் படலையடியில்தான் கன நேரம் நிற்கும். யாருக்கும் பிறந்தநாளா என்று மேலதிகாரி அம்மா அன்பாகக் கேட்டிருக்கிறார். பிறகு மீன்காரர். அவர் போனால் பழைய இரும்புக்காரர். இதெல்லாம் போதாதென்று, எங்கள் ஊரில் மாடு மாதிரித் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று முற்றத்துக்கு வந்து, ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, மேசையில் இருந்த வாழைப்பழத்தோலை எடுத்துத் தின்றது. கமெராவுக்கு முன்னால். அன்றைக்கு மீட்டிங்கில் கணக்கைப் பற்றி யாரும் கதைக்கவில்லையாம்.

ஆகவே பின்னறை. கதவைச் சாத்தினால் பாண் பாட்டும் கேட்காது, மானும் வராது. வைஃபையும் வராது. பழைய வீடு. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டின சுவர், கட்டில் போடலாம் போல அகலம். ஹோலில் வைஃபை நல்ல புஷ்டியாக இருக்கும். சாமியறையைத் தாண்டும்போது இளைத்து, குசினியில் மூச்சு வாங்கி, பின்னறைக்குள் போகும்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

ரூட்டரை இடம் மாற்றித் தாருங்கள் என்று இன்டர்நெட் கம்பெனிக்குச் சொன்னோம். பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் பதிந்தே வைத்திருக்கிறார்கள். நீள வயர் ஒன்றை நிலத்தால் இழுத்தோம். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த இவர் அதில் தடக்கி, கோப்பை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சுவரில் ஓட்டை போடலாமென்றால், கலண்டருக்கு ஆணி அடித்ததற்கே ஒரு பாய் அளவு சாந்து கழன்று விழுந்த சுவர் அது.

வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுக்கு. இரண்டு பெண் என்றால் வீடும் இரண்டு. முன்பாதி மூத்தவள் எனக்குச் சீதனம், பின்பாதி தங்கை இந்திராவுக்கு. நடுவில் சுவர் எழுப்பி, அவளுக்குப் பின்லேன் பக்கமாகப் படலை வைத்து, தனி மீட்டர் பூட்டி, உறுதியும் எழுதியாயிற்று. எங்கள் பின்னறையின் கடைசிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு.

சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் இரண்டு வருடமாகக் கதை பேச்சு இல்லை.

காரணம் வேப்பமரம். எல்லையில், அவள் பக்கம் நின்ற மரம். நிழல் என் பக்கம் விழும். பங்குனி வெயிலில் என் பின்முற்றம் அந்த நிழலில்தான் உயிர் வாழ்ந்தது. நான் ஒருநாள் தோப்பூருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்து பார்க்கிறேன், மரம் இல்லை. வானம் இருக்கிறது. என்னடி இது என்று கேட்டதற்கு, உயரமான மரம், இடியை இழுக்கும் என்றாள்.

இந்திராவுக்கு இடி என்றால் உயிர் போகும். சின்ன வயதில், எங்கள் வளவில் நின்ற தென்னையில் இடி விழுந்து பற்றி எரிந்ததைக் கண்ணுக்கு முன்னால் கண்டவள். இடி இடித்தால் எங்கள் தெருவில் எல்லோருமே பிளக்குகளைக் கழற்றுவோம். அவள் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவாள். கப்பல்துறைப் பக்கம் வானம் கறுத்தாலே அவளுடைய வீடு இருட்டாகிவிடும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் மரம் வெட்டுவதற்கு முதல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அன்றைக்கு வாய் முற்றி, நின்றது நின்றதுதான்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதல் நாளே பெட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு மூன்று சதுரப் பின். எங்கள் சுவரில் இருப்பதெல்லாம் அம்மா காலத்து வட்ட ஓட்டைகள். வட்டப் பின்னைச் சதுர ஓட்டைக்குள் செலுத்துவது எங்கள் சனத்துக்குப் பிறவிக் கலை. மேல் ஓட்டைக்குள் ஒரு போல்பொயின்ட் பேனையை விட்டு அமத்தினால் உள்ளே போய்விடும். இங்கே தலைகீழ். சதுரத்தை வட்டத்துக்குள் விட வேண்டும். அதற்குப் பேனை உதவாது. மறுபடி கடை, மறுபடி கடைக்காரர், ஒரு மல்டி பிளக். குத்தினாச் சரி.

குத்தினோம். ஹோலில் பச்சை. பின்னறையில் சிவப்பு.

மல்டி பிளக் தொளதொளவென்று ஆடியதால் இவர் ஒரு எக்ஸ்டென்ஷன் கோட் கொண்டுவந்து, இடி மின்னலுக்கும் ஒன்றும் ஆகாத சாமான் என்று அதைப் புகழ்ந்து, அதில் பெட்டியைக் குத்தினார். இப்போது ஹோலிலேயே சிவப்பு. நேராகச் சுவரில்தான் குத்த வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாளில் பல பாஷைகளில் எழுதியிருந்ததாம். தர்ஷினி பின்னேரம் வாசித்துச் சொன்னாள். மல்டி பிளக் மூலமாக என்றாலும் சுவருக்கே திரும்பினோம். ஹோலில் பச்சை திரும்ப வந்தது. பின்னறையில் சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

அடுத்த நாள் இரண்டு இடத்திலும் ஒன்றுமே எரியவில்லை. இவர் பெட்டியைக் கழற்றி ஊதினார். துடைத்தார். வெயிலில் வைத்தார். கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, 'உங்கட சாமான் செத்துப்போச்சு' என்றார். பிறகு பார்த்தால் இரண்டு இடத்திலும் சுவரில் சுவிட்ச் ஓஃப். யார் ஓஃப் பண்ணியது? நான்தான். பாவிக்காத பிளக்கை ஓஃப் பண்ணாமல் அந்த வழியால் நடந்துபோக என் விரலுக்குத் தெரியாது. எந்த நாட்டில், எந்த மூளை கண்டுபிடித்த பெட்டியோ... அந்த மூளைக்கு எங்கள் ஊர்ப் பெண்களின் விரலைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

பெட்டியில் பிழையா, வீட்டில் பிழையா? தர்ஷினி ஒரு யோசனை சொன்னாள். ஒரு பெட்டியை ஹோலில் விட்டுவிட்டு மற்றதை ஒவ்வோர் அறையாகக் கொண்டுபோய்க் குத்திப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சாமியறையில் பச்சை. எங்கள் படுக்கையறையில் பச்சை. குசினியில் மிக்ஸி ஓடும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறி, பிறகு பச்சை. பின்னறை வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுபோய்க் குத்தினால் சிவப்பு. அந்த அறைக்கு என்ன சாபம்?

"எங்கயோ மதகு பூட்டிக் கிடக்கு" என்றார் இவர்.

அந்த அறைக்கு இன்னொரு குணமும் உண்டு. இடி மழை நேரத்தில் அங்கே மட்டும் கரண்ட் நின்றுவிடும். மற்ற அறைகளில் லைட் எரியும், அங்கே இருட்டு. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும். சுவர் ஈரம் குடிக்கிறது, காய்ந்ததும் சரியாகிவிடும் என்று இவர் காரணம் சொல்வார். இத்தனை வருடமாக நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஓவர்சியர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

சனிக்கிழமை இவர் ஒரு முடிவுக்கு வந்தார். பின்னறையில் உள்ள பழைய வட்டப் பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சதுரப் பிளக் புதிதாகப் பூட்டப் போகிறாராம். வயர்மேனைக் கூப்பிடுவோம் என்றேன். இதுக்கெல்லாம் ஆள் பிடிக்கிறதா என்று கேட்டார். கிணற்றுக்குள் கிடக்கிற மோட்டாரை ஞாபகப்படுத்தினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மெயினை இறக்கினார். வீடு அடங்கியது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி நின்றது. ஸ்குரூட்ரைவரோடு பின்னறைக்குப் போய், நிலத்தில் குந்தி, பிளக்கின் மூடியைக் கழற்றிவிட்டார். நான் மூடியை வாங்கக் கை நீட்டியபடி நின்றேன். தர்ஷினி கட்டிலில் இருந்து மேலே பார்த்தாள்.

"அப்பா, கையை எடுங்கோ" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஃபேன் சுத்துது."

மெயின் ஓஃப். வீடு முழுவதும் கரண்ட் இல்லை. எங்கள் தலைக்கு மேலே ஃபேன், ஒன்றும் நடக்காத மாதிரி, நல்ல காற்றாக வீசிக்கொண்டிருந்தது.

இவர் கையை எடுத்தார். எழும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். அதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். இவர் மெயினடிக்குப் போய் ஏற்றினார், இறக்கினார், ஏற்றினார், இறக்கினார். ஒவ்வொரு முறையும் ஃபேனைப் போய்ப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்கட குளத்துத் தண்ணி இல்ல" என்றார்.

வீட்டைப் பிரித்தபோது சுவரைப் பிரித்தோம். படலையைப் பிரித்தோம். கிணற்றில் யாருக்கு எந்தப் பக்கக் கப்பி என்பது வரைக்கும் பேசினோம். சுவருக்குள் ஓடுகிற வயரை யாரும் நினைக்கவில்லை. பின்னறையின் வயர் அந்தக் காலத்திலேயே பின்பக்கத்து லைனோடு போனது. அது அப்படியே இந்திராவின் மீட்டரில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுடைய மீட்டருக்குக் கம்பத்திலிருந்து வருவதும் வேறு லைன். எங்கள் பெட்டி பாவம், இல்லாத வாய்க்காலில் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

இடி இடித்தால் அந்த அறை ஏன் இருண்டது என்பதும் அப்போதுதான் விளங்கியது. சுவர் ஈரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இந்திரா மெயினை இறக்கியிருக்கிறாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியாயிற்று. இனி என்ன செய்வது? வழி ஒன்றுதான் என்று தர்ஷினி சொன்னாள். அந்த அறையின் கரண்ட் சின்னம்மாவின் கரண்ட். சின்னம்மா வீட்டிலும் இன்டர்நெட் இருக்கிறது. ஒரு பெட்டியை அங்கே, அவருடைய ரூட்டருக்குப் பக்கத்தில் குத்தினால் இங்கே பச்சை எரியும்.

யார் போய்க் கேட்பது? உம்மட தங்கச்சிதானே என்றார் இவர். மகளோடு இந்திராவுக்குக் கோபம் எதுவும் இல்லை, லேனால் போய் வந்துகொண்டுதான் இருக்கிறாள். நீயே கேள் என்று அவளிடம் சொன்னேன்.

"நான் கேட்டா சின்னம்மா ஓம் எண்டுதான் சொல்லுவா. ஆனா இதை நீங்கள்தான் போய்க் கேட்க வேணும்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போக, முன் படலையால் இறங்கி, ரோட்டால் நடந்து, பின்லேனுக்குள் திரும்ப வேண்டும். அவ்வளவு தூரமில்லை. ஆனால் அன்றைக்குப் பக்கத்து ஊருக்குப் போகிற தூரமாக இருந்தது.

இந்திரா குசினி விறாந்தையில் நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவி, கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வாங்கோ. இருங்கோ" என்றாள்.

எங்களுக்குள் பிறந்ததிலிருந்தே 'நீ'தான். சண்டையிலும் 'நீ'தான். இந்த 'வாங்கோ' குடிசன மதிப்பு எடுக்க வருகிறவர்களுக்குச் சொல்வது. திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. மகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி, ஃபேன், மீட்டிங் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவள் நெத்தலியைப் பார்த்தபடியே கேட்டாள். ஆச்சரியப்படுகிற மாதிரித் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

மீட்டர் பூட்டிக் கொஞ்சக் காலத்தில் ஒரு வயர்மேன் வந்து பார்த்துச் சொல்லியிருக்கிறான்: உங்கட லைன் ஒண்டு முன்வீட்டுக்குப் போகுது, வெட்டிவிடவா என்று. வேண்டாம் என்றிருக்கிறாள்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் வெட்டிப்போடுவீங்கள்" என்றாள்.

உண்மை. ரோசத்தில் அன்றைக்கே வெட்டியிருப்பேன். கதை பேச்சு நின்ற பிறகென்றால் சந்தேகமே இல்லை. என்னைக் கேட்காமல் வேப்பமரத்தை வெட்டியவள், கேட்க ஆளில்லாத வயரை வெட்டாமல் விட்டிருக்கிறாள். நான் இத்தனை வருடக் கரண்ட் பில்லைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். காசுக் கதை எடுத்தால் வேப்பமரத்திலிருந்து தொடங்க வேண்டிவரும் என்றாள். இரண்டு பேரும் அந்தக் கதையை அங்கேயே விட்டுவிட்டோம்.

பெட்டியை அவளே வாங்கித் தன்னுடைய ரூட்டருக்குப் பக்கத்தில் குத்தினாள். சுவருக்கு அப்பாலிருந்து, ஜன்னலால் கத்திய தர்ஷினியின் குரல் கேட்டது. பச்சை.

வீட்டுக்கு வந்தால் இவர், 'நான் அப்பவே சொன்னனான்' என்று தொடங்கியிருந்தார். என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பச்சை எரிகிறபோது எதையும் தொடக்கூடாது.

ஆனால் படலையடியில் வைத்து இந்திராவிடம் ஒன்று கேட்டிருந்தேன். திங்கட்கிழமை இடி இடித்தால்? ஐப்பசி பிறந்துவிட்டதே. அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். நானும் திருப்பிக் கேட்கவில்லை. இடிக்குப் பயந்தவளைப் போய் மெயினை இறக்காதே என்று எந்த வாயால் கேட்பது?

திங்கட்கிழமை காலை வானம் நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. மீட்டிங் மத்தியானத்துக்குப் பிறகு. தர்ஷினி தலைக்கு எண்ணெய் வைக்காமல், மேலே நல்ல சட்டையும் கீழே வீட்டுப் பாவாடையுமாகப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். கதவுக்குள்ளே அவளுடைய இங்கிலிஷ் தண்ணீர் மாதிரி ஓடியது. பாருங்கள், இவருடைய வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

கடல் பக்கமாக முதல் உறுமல் கேட்டது.

தெருவில் ஜன்னல் சாத்துகிற சத்தங்கள். இவர் எழும்பிப் போய் ரீவீ பிளக்கைக் கழற்றினார். நான் கதவுக்குக் காதை வைத்தேன். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. இப்போது நிற்கும், இந்தா நிற்கப் போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது இடி கிட்ட விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஃபேன் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? அவளுக்கு ஏதும் ஆகிவிட்டதா?

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில், இந்த மழையில், இந்த முழங்காலோடு. லேன் முழுவதும் வெள்ளம்.

இந்திரா மெயின் சுவிட்சுக்கு நேரே கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் செருப்பு. இரண்டு காலையும் நிலத்தில் படாமல் கதிரைச் சட்டத்தில் தூக்கி வைத்திருந்தாள். காதுகளில் விரல், கண் இறுக்க மூடியபடி. உதடு மட்டும் ஏதோ தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாரும் வீட்டில் இல்லை; அவளுடைய வீட்டுக்காரர், மச்சான், வேலைக்குப் போயிருந்தார். கையை உயர்த்தினால் சுவிட்ச் எட்டும். அவள் உயர்த்தவில்லை.

நான் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"நீ ஏன் வந்தனீ? அவளுக்குத் தண்ணி கிண்ணி தேவைப்படும். அங்க போய் இரு" என்றாள்.

நீ! வானத்தில் இடித்தது எனக்கு அதற்குப் பிறகு கேட்கவே இல்லை என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். கேட்டது. நன்றாகவே கேட்டது. இன்னொரு கதிரையை இழுத்து அவளோடு ஒட்டி உட்கார்ந்தேன். நானும் செருப்புக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் ஒரு காதிலிருந்து விரலை எடுத்து என் கையைப் பிடித்தாள். ஒவ்வோர் இடிக்கும் என் விரல்கள் நொறுங்கின. இவ்வளவு பலம் இருக்கிறவள் ஏன் இடிக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தலைக்கு மேலே சுவிட்ச். ரூட்டரின் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. மழை கொஞ்சம் தணிந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சின்னம்மா, முடிஞ்சுது. இனி மெயினை இறக்குங்கோ."

அம்மா என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கரண்ட் யார் கையில் நின்றது என்று கதவைச் சாத்திக்கொண்டு கணக்கு விளக்கிய பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.

இந்திரா பாய்ந்து எழும்பி மெயினை இறக்கினாள். வீடு இருண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் என் பின்னறையிலும் ஃபேன் நின்றிருக்கும். இருட்டுக்குள் அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு அழுதாள். நான் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தேன். நடுவில் வேப்பமரத்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல, அந்த இடத்தில் நட ஒரு மாதுளைக் கன்று வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். உயரமாக வளராதாம்.

மேலதிகாரி அம்மா ஓம் என்று சொல்லிவிட்டார். தர்ஷினி இங்கேதான். காலையில் தேத்தண்ணிக்கு வாசலில் நிற்கிறாள், நான் பாத்திரத்தில் அரிசியைக் குறைக்கவில்லை.

நேற்று இவர் புதுத் திட்டம் ஒன்றோடு வந்தார். பின்னறைக்கு எங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுத்து, அந்தப் பழைய வயரை ஒரேயடியாக வெட்டிவிடப் போகிறாராம். அதுதான் முறையாம், ஒழுங்காம், பாதுகாப்பாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஸ்குரூட்ரைவரை ஒளித்து வைத்துவிட்டேன்.